நாயை அதட்டி அடக்கிப் பழக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோதல் முறை என்று எதைச் சொல்கிறோம்?

நாய் செய்வதை நிறுத்த வலி, பயம், உடல் பலம் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தும் எல்லாமே இதில் சேரும். அடிப்பது, உதைப்பது, மூக்கில் தட்டுவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது, மல்லாக்கப் போட்டு அடங்கும்வரை அமுக்குவது, கண்ணுக்குக் கண் முறைப்பது, கவ்விய பொருளை வாயைப் பிளந்து பிடுங்குவது, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினை வெடுக்கென்று சுண்டுவது, உள்பக்கம் முள் வைத்த பட்டை, மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலர். "ஏய், வேண்டாம்" என்று சாதாரணக் குரலில் தடுப்பது இதில் வராது. எது மிரட்டல், எது இல்லை என்பதை நாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுருட்டிய செய்தித்தாளால் தரையில் தட்டினால் ஒரு நாய் விளையாட ஓடி வரும். இன்னொன்று கட்டிலுக்கடியில் ஒடுங்கி அங்கேயே மூத்திரம் விடும்.

"வீட்டில் தலைவன் யார் என்று காட்ட வேண்டும்" என்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

ஓநாய்களிடமிருந்து, அதிலும் கூண்டில் அடைபட்ட ஓநாய்களிடமிருந்து. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதிய ஆய்வுதான் தொடக்கம். ஓடிப் போக இடமில்லாத அடைப்புக்குள் அவை முதலிடத்துக்கு அடித்துக்கொண்டன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் ஓநாய்கள் பற்றி எழுதிய நூல் கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும் "ஆல்ஃபா" என்ற சொல்லைப் பரவலாக்கியது. அதே மெக், 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் அருகிலிருந்து கவனித்தார். அங்கே கூட்டம் என்பது தாய், தகப்பன், அவற்றின் குட்டிகள், அவ்வளவுதான். சண்டை போட்டுப் பட்டம் வாங்கிய தலைவன் யாருமில்லை. 1999-இல் கட்டுரையாக இதை எழுதினார். தன் பழைய நூலின் அச்சை நிறுத்தும்படி பதிப்பகத்தை வெகுகாலம் கேட்டுவந்தார், 2022-இல் அது நின்றது.

நாயை மல்லாக்கப் போடும் உத்தி பிரபலமானதற்கு, நியூயார்க் மாநிலத்தில் நாய் வளர்க்கும் ஒரு துறவி மடம் 1978-இல் வெளியிட்ட நூல் பெரிய காரணம். 2002-இல் வந்த திருத்திய பதிப்பில் அந்த அறிவுரையை மடமே திரும்பப் பெற்றுக்கொண்டது. மூலவர்கள் இருவரும் பின்வாங்கிய பிறகும் உத்தி மட்டும் தெருமுனைவரை வந்து நிற்கிறது.

இரண்டு நாய்களுக்கு நடுவே ஓர் எலும்புக்கு யாருக்கு முன்னுரிமை என்ற ஏற்பாடு இருக்கலாம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் லீஷை, அதாவது பிடித்து நடத்தும் வாரை, இழுப்பது, சோபாவில் ஏறுவது, வாசலில் நம்மை முந்திக்கொண்டு ஓடுவது இவற்றுக்கும் ஆட்சியைப் பிடிக்கும் திட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நாய் நம்மைவிட வேகமாக நடக்கிறது, சோபா மெத்தென்று இருக்கிறது, வெளியே நல்ல மோப்பம் கிடைக்கிறது.

ஆராய்ச்சி உண்மையில் என்ன சொல்கிறது?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை ஆய்வு, 2009. நடத்தைச் சிக்கலுக்காக வந்த 140 உரிமையாளர்களிடம், எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தோம், உதைத்தோம் என்றவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் சீறின அல்லது கடிக்க வந்தன. வாயிலிருந்து பொருளைப் பிடுங்கியபோது 39, மல்லாக்கப் போட்டபோது 31, முறைத்தபோது 30 சதவீதம். பிடுங்காமல் தீனி கொடுத்து மாற்றிக்கொண்டபோது 6 சதவீதம். வேண்டியதைப் பெற உட்கார்ந்து காட்டும்படி பழக்கியபோது 2 சதவீதம்.

குறையையும் சொல்லிவிடுவோம். இவை உரிமையாளர்கள் நினைவிலிருந்து சொன்னவை, அந்த நாய்கள் ஏற்கெனவே சிக்கலோடு வந்தவை. ஆகவே "எந்த நாயை முறைத்தாலும் மூன்றில் ஒன்று கடிக்கும்" என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அடக்கும் பயிற்சிக்குக் கொண்டுபோகப்படுவதும் பெரும்பாலும் சிக்கலுள்ள நாய்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

நேரடியாக அளந்து பார்த்தது போர்ச்சுகலின் போர்ட்டோவில் நடந்த 2020 ஆய்வு, 92 நாய்கள். வெகுமதி தந்து பழக்கும் பள்ளிகளின் நாய்களைவிட, தண்டித்துப் பழக்கும் கண்டிப்புப் பள்ளிகளின் நாய்களிடம் பயிற்சியின்போது உதடு நக்குதல், கொட்டாவி, உடல் தாழ்த்துதல் அதிகம். பயிற்சிக்குப் பின் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. இன்னொரு சோதனையும் வைத்தார்கள். ஒரு பக்கத்துக் கிண்ணத்தில் எப்போதும் தீனி, மறுபக்கத்துக் கிண்ணத்தில் எப்போதும் ஒன்றுமில்லை. நாய் இதைக் கற்றுக்கொண்ட பிறகு கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். நல்லதை எதிர்பார்க்கும் நாய் விரைந்து போகும், எதிர்பார்க்காதது தயங்கும். கடுமையான பள்ளி நாய்கள் பயிற்சி நேரத்துக்கு வெளியே நடந்த இந்தச் சோதனையிலும் தயங்கின.

ஆனால் பலன் கண்ணெதிரே தெரிகிறதே?

தெரியத்தான் செய்யும். குரைக்கிற நாயைச் சுண்டினால் அந்த நொடியே குரைப்பு நிற்கிறது. இதில் முதலில் பழகிக்கொள்வது மனிதர்: சுண்டினேன், தொல்லை நின்றது, அடுத்த தடவையும் சுண்டுவேன். நாய் நாளைக்கும் குரைக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று, "அடங்கிவிட்டது" என்று காணொளிகளில் காட்டும் கட்டம். ஒலியை நிறுத்திவிட்டு நாயை மட்டும் பாருங்கள். வாய் இறுக மூடியிருக்கும், உதட்டோரம் பின்னுக்கு இழுபட்டிருக்கும். முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க, விழி மட்டும் மனிதர்மேல் இருப்பதால் வெண்விழி பிறைபோலத் தெரியும். காது ஒட்டிக் கிடக்கும், நாக்கு நுனி மூக்கைத் தொட்டுத் தொட்டு உள்ளே போகும். ஓய்வாக இருக்கும் நாய்க்கு வாய் தளர்ந்திருக்கும், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். முதலாவது பயத்தில் உறைந்த நாய். அந்த நேரத்துக்குத் தப்பு செய்யாமல் இருப்பதால் அது புரிந்துகொண்டதாக நமக்குத் தோன்றுகிறது.

உறுமினால்கூடக் கண்டிக்கக் கூடாதா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நாய் கடிக்கும் முன் பல படிகள் வைத்திருக்கிறது: முகம் திருப்புதல், விலகுதல், விறைத்தல், உறுமல், பல் காட்டுதல், காற்றில் கடித்தல், பிறகுதான் கடி. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும். உறும வைத்த பயம் அப்படியே இருக்கும். "எச்சரிக்கையே இல்லாமல் கடித்தது" என்று கொண்டுவரப்படும் பல நாய்களின் கதையைக் கிளறினால், எச்சரித்ததற்காக அது முன்பு உதை வாங்கியிருக்கும்.

உறுமினால் செய்வது இது: இருந்த இடத்தில் நில்லுங்கள். கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி மெல்ல விலகுங்கள். குழந்தை இருந்தால் முதலில் குழந்தையை அப்புறப்படுத்துங்கள். பிறகு எழுதி வையுங்கள்: எங்கே, யார் அருகில், எவ்வளவு தூரத்தில், நாய் வாயில் அல்லது காலடியில் என்ன இருந்தது. நாலைந்து குறிப்பு சேர்ந்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். "விட்டுக்கொடுத்தால் ஜெயித்ததாக நினைக்காதா?" என்று கேட்பார்கள். உறுமல் பலித்தால் நாய் அடுத்த முறையும் உறுமும், கடிக்க வேண்டிய அவசியம் அதற்கு வராது. அந்த இடைவெளியில் காரணத்தைச் சரி செய்வதுதான் நம் வேலை.

தண்டனையை முறையாகக் கொடுத்தால் பலிக்காதா?

பலிக்கும், நிபந்தனைகள் எல்லாம் கூடி வந்தால். செய்கை நடந்த ஒரு நொடிக்குள் தண்டனை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வர வேண்டும், ஏனென்றால் பத்தில் நாலு தடவை தப்பித்தால் நாய் சூதாடத் தொடங்கிவிடும். முதல் தடவையே அளவு சரியாக இருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனால் நாயும் தாங்கிக்கொண்டே வரும், கடைசியில் கை ஓங்கியபடியே இருக்கும். அதற்குப் பதில் என்ன செய்வது என்று நாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். நாய் பயத்தில் இருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் இவை கூடி வரும். ஒரு கையில் லீஷும் மறு கையில் போனுமாக நடக்கிறவருக்குக் கூடி வராது. சாயங்காலம் வீடு திரும்பி, காலையில் கடித்துப் போட்ட செருப்பைக் காட்டி அடிப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாய் கற்பது ஒன்றே ஒன்று: இவர் கதவைத் திறந்தால் ஒளிந்துகொள்.

நிபந்தனை எல்லாம் கூடினாலும் மிஞ்சும் ஆபத்து, வலியை நாய் எதோடு சேர்த்துக்கொள்கிறது என்பது. கழுத்து வலிக்கும் நொடியில் அதன் கண் குழந்தைமேல் இருந்தால், குழந்தை வந்தால் வலி வரும் என்று பதியலாம்.

ஷாக் காலர் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டது: கூப்பிட்டால் வராத 63 நாய்கள், மூன்று குழு. ஒரு குழுவுக்கு ஷாக் காலர் தொழில்துறை பரிந்துரைத்த அனுபவசாலிகளே காலருடன் பயிற்சி தந்தார்கள். இன்னொன்றுக்கு அவர்களே காலர் இல்லாமல். மூன்றாவதற்கு வெகுமதிப் பயிற்சியாளர்கள். காலர் குழு எந்த அளவையிலும் முந்தவில்லை. வெகுமதிக் குழு முதல் கட்டளைக்கே கீழ்ப்படிவதில் மேலாக இருந்தது.

காலரை ஆதரிக்கும் மறுதரப்பு 2024-இல் அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து வந்த ஆய்வைக் காட்டும். வேகமாக ஓடும் பொம்மையைத் துரத்தும் 19 நாய்கள். காலர் போட்டவை ஓரிரு அமர்வில் துரத்துவதை நிறுத்தின, தீனியில் பழக்கியவை அந்தக் கால அளவுக்குள் நிறுத்தவில்லை. இதை மூடி மறைப்பது நேர்மையல்ல. தீவிரமாகத் துரத்தும் நாயை வெகு சில நாளில் நிறுத்த வலி வேகமான கருவி. ஆனால் நாய்கள் கொஞ்சம், தீனிக் குழுவுக்குக் கிடைத்த நாட்களும் கொஞ்சம். துரத்தலில் கிடைத்த முடிவை, பயந்து சீறும் நாய்க்குப் பொருத்துவது பெரிய தவறு. துரத்தும் நாய் ஆசையில் ஓடுகிறது. சீறும் நாய்க்கு ஏற்கெனவே பயம், அதன்மேல் வலியையும் சேர்த்தால் எங்கே போகும்?

சட்டம் பல இடங்களில் முடிவு எடுத்துவிட்டது. வேல்ஸ் 2010-இல் ஷாக் காலரைத் தடை செய்தது. ஜெர்மனியில் முள் பட்டை முதலான வலி தரும் சாதனங்களைப் பயிற்சியில் பயன்படுத்த 2022 ஜனவரி முதல் தடை. விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2021 அறிக்கையில், எல்லா நாய்க்கும் எல்லாச் சிக்கலுக்கும் வெகுமதி முறையே போதும் என்று சொல்கிறது.

சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுகிறது. தட்டை எடுத்து எடுத்து வைத்துப் பழக்கச் சொல்கிறார்களே?

அதுதான் உறுமாத நாயையும் உறும வைக்கும் வழி. சாப்பிடும்போதெல்லாம் ஒருவர் கை வைத்தால், ஆள் வருவது நஷ்டத்துக்கு அறிகுறி என்றுதான் பதியும். அதைத் தலைகீழாக்க வேண்டும்.

நாய் தளர்வாகச் சாப்பிடும் தூரத்தை முதலில் கண்டுபிடியுங்கள், 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டுவரை நடந்து போய், தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டை, வேகவைத்த இறைச்சி என்றால் சுண்டுவிரல் நக அளவு, தட்டை நோக்கி எறிந்துவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆறு முதல் எட்டு தடவை போதும். நீங்கள் வரும்போது நாய் தலை தூக்கி, வால் தளர்ந்து, "எங்கே துண்டு?" என்று பார்க்கத் தொடங்கினால் அடுத்த நாள் ஒரு அடி நெருங்கலாம். அவசரமாக விழுங்குவது, தட்டின்மேல் கவிந்து விறைப்பது, தலையை அசைக்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரண்டு அடி பின்னால் போங்கள். தட்டின் பக்கம் வந்து துண்டைப் போட முடிவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஒருவரிடம் பழகியது இன்னொருவருக்குத் தானாக வராது, வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவரும் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். குழந்தைகள் இதில் வேண்டவே வேண்டாம். பழகும்வரை நாய்க்குத் தனி அறையில் சோறு, கதவு சாத்தியிருக்கட்டும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். துண்டு தட்டிலுள்ளதைவிடச் சுவை குறைவு. அல்லது நாலு நாள் நன்றாகப் போனதும் "பார்ப்போமே" என்று தட்டைத் தூக்குவது. ஏற்கெனவே தோல் கிழியக் கடித்த நாய் என்றால் இதை நீங்களாகச் செய்யாதீர்கள், நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவர் துணை வேண்டும்.

தெருவில் இன்னொரு நாயைக் கண்டால் பாய்ந்து குரைக்கிறது. சுண்டாமல் எப்படி நிறுத்துவது?

பாய்ந்த பிறகு கற்பிக்க ஒன்றுமில்லை, அந்த நிலையில் மூக்கடியில் இறைச்சியை நீட்டினாலும் வாங்காது. மற்ற நாயைப் பார்த்தும் தீனி வாங்கக்கூடிய தூரத்தில் வேலை தொடங்க வேண்டும். அது 20 மீட்டராக இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். நெஞ்சில் ஒய் வடிவில் வரும் ஹார்னஸ், 2 மீட்டர் லீஷ், லீஷ் தொய்வாக. உங்கள் நாய் மற்றதைப் பார்க்கட்டும். பார்த்த ஒரு நொடியில் "சரி" என்று ஒரே தொனியில் சொல்லி, பட்டாணி அளவு தீனி. திரும்பப் பார்த்தால் திரும்பவும். மற்ற நாய் மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் நாய் தெரிய வேண்டும், பிறகு தீனி. பயத்தில் பையைத் திறந்து தீனியை முன்கூட்டியே காட்டினால், பை சத்தம் கேட்டாலே எங்கோ நாய் வருகிறது என்று தேட ஆரம்பிக்கும்.

ஐந்து பத்து நிமிடம் போதும். மூன்று நாலு அமர்வு தொடர்ந்து தளர்வாக இருந்தால் இரண்டு மூன்று மீட்டர் குறையுங்கள். திடீரென்று மூலை திரும்பி நாய் எதிரில் வந்துவிட்டால், "வா" என்று உற்சாகமாகச் சொல்லி வந்த வழியே திரும்பி நடங்கள். இந்தத் திரும்பலை யாருமில்லாத இடத்தில் முன்பே இருபது தடவை பழக்கி வைத்திருக்க வேண்டும், நெருக்கடியில் முதன்முதலாகச் சொன்னால் காதில் விழாது. கழுத்துப் பட்டையில் இழுபடும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறுகிறது, ஹார்னஸில் அப்படி ஏறுவதில்லை என்று 2006-இல் அளந்திருக்கிறார்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருக்கும் நாய்க்கு இது சின்ன விஷயமல்ல.

தீனி கொடுத்துப் பழக்கினால் லஞ்சம் ஆகாதா?

கையில் தீனியைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினால் ஆகும். தீனி பையில் இருக்கட்டும், நாய் செய்த பிறகு கை பைக்குப் போகட்டும். பழகிய செய்கைக்கு ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டியதில்லை. கதவு திறப்பது, மோப்பம் பிடிக்க விடுவது, பந்து எறிவது எல்லாமே கூலிதான். தீனியின் அளவைச் சோற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நாய் தன் இஷ்டத்துக்கு இருக்கலாமா?

வெகுமதி முறையைத் தவறாகப் புரிந்துகொண்டு இப்படியும் நடக்கிறது, அந்த நாய்களும் பாவம்தான். எல்லை வேண்டும். வலி இல்லாமலும் எல்லை போடலாம்: மேலே தாவினால் திரும்பி நின்றுகொள்வது, நாலு காலும் தரையில் பட்டதும் கவனிப்பது. விளையாட்டில் பல் பட்டால் அரை நிமிடம் ஆட்டம் நிறுத்தம். சமையலறை வாசலில் தடுப்பு. செருப்பு அலமாரிக்குள். சாலைக்கு ஓடும் நாயைப் பட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவது காப்பாற்றல். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம், பயிற்சி என்று பெயரும் வேண்டாம்.

பெரிய, முரட்டு இனங்களுக்கு இது எடுபடுமா?

45 கிலோ நாயோடு பலப்பரீட்சை வைத்து ஜெயிக்கிறவர் யார்? காட்சிசாலைகளில் ரத்தம் எடுக்கக் காலை நீட்டும்படி சிங்கத்தைத் தீனியால் பழக்குகிறார்கள். கடிக்கும் அபாயம் உள்ள நாய்க்குக் கூடை வடிவ வாய்ப்பூட்டு பழக்குங்கள். அதை மாட்டினாலும் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். கூடைக்குள் தீனி வைத்து, நாயே மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்து, பிறகு சில நொடி, பிறகு வார், இப்படி இரண்டு வாரம் கொடுங்கள். முதல் நாளே மாட்டி இறுக்கினால் அடுத்த முறை அதைக் கண்டதும் ஓடும்.

திடீரென்று குணம் மாறிவிட்டது. பயிற்சியில் குறையா?

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காது சீழ், பல் வலி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் எல்லாம் "திமிர்" என்ற பெயரில் அடி வாங்குகின்றன. தொட்டால் சீறுவது, படியேற மறுப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பினால் கடிக்க வருவது மூன்றும் வலியைச் சந்தேகிக்க வேண்டிய அடையாளங்கள்.

பயிற்சியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

நாய் சரியாகச் செய்தால் என்ன நடக்கும், தவறாகச் செய்தால் என்ன நடக்கும், உங்கள் முறை பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள். பதில் "அப்போது கொஞ்சம் அழுத்தம் கொடுப்போம்" என்று மழுப்பலாக வந்தால், எந்தச் சாதனம், எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள். வகுப்பை நேரில் பார்க்க அனுமதிக்காத இடம் வேண்டாம். மூன்று வாரம் நாயை விட்டுவிட்டுப் போங்கள், திருத்தித் தருகிறோம் என்பவரிடம் அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியாது. கற்றதும் அந்த இடத்தோடும் அந்த ஆளோடும் நின்றுவிடும். "உத்தரவாதம்" தருகிறவரையும் தவிர்க்கலாம், உயிருள்ளதன் நடத்தைக்கு யாராலும் அதைத் தர முடியாது.

இதுவரை அடித்துத்தான் பழக்கியிருக்கிறோம். இனி மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் முதல் சில வாரங்கள் மோசமாகத் தெரியலாம். முள் பட்டையைக் கழற்றியதும் இழுப்பு திரும்பி வரும், பட்டை அதை அமுக்கி மட்டுமே வைத்திருந்தது. அந்த நாட்களில் நெரிசலான வேளையைத் தவிர்த்து, ஆளில்லாத இடத்தில் நடத்துங்கள். கை ஓங்கியதும் ஒடுங்கும் நாயிடம் கையைத் தாழ்வாக, பக்கவாட்டில் கொண்டுபோங்கள். மூன்று நொடி மார்பைத் தடவி நிறுத்துங்கள், அது நெருங்கி வந்தால் மட்டும் தொடருங்கள். முன்பு வாய் திறக்காத நாய் இப்போது லேசாக உறுமினால் மிரண்டுவிட வேண்டாம், அடக்கி வைத்த எச்சரிக்கை திரும்புகிறது. விலகி நில்லுங்கள், தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அந்தத் தூரத்துக்கு வெளியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் ஒருவர் தீனியும் இன்னொருவர் அடியுமாக இருந்தால் எதுவும் நகராது. யார், எந்தச் சொல், எந்தச் சைகை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.